பக்கத்து அறைக்குப் போகாத ஃபைல்



நம் அலுவலகத்துக்கு வரும் கடிதங்களில் ஒரு ரகம் சில காலமாகத் தனிக்கட்டாகவே சேர்ந்துவிட்டது. கும்பகோணத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதுகிறார்: “டல்லாஸில் இருக்கும் பேத்தியோடு தினமும் வீடியோவில் பேசுகிறேன். கூடத்துக் கம்ப்யூட்டரில் இருக்கும் அவளுடைய காதுகுத்துப் படங்களை உள் அறை லேப்டாப்பில் திறக்க முடியவில்லை. இது என்ன அநியாயம்?” திருநெல்வேலி டவுனில் வீட்டிலேயே கணக்குவழக்கு பார்க்கும் அன்பருக்கு வேறு கவலை. விண்டோஸ் அப்டேட் ஆன மறுநாளிலிருந்து டேலி ஃபோல்டர் இரண்டாவது சிஸ்டத்தில் திறக்கவில்லையாம். கோவையிலிருந்தும் வெள்ளவத்தையிலிருந்தும் வரும் கடிதங்களிலும் சங்கதி இதுவே. ஒரே வீடு, ஒரே வைஃபை, இரண்டு கம்ப்யூட்டர். இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ள மறுக்கின்றன.

இவர்களில் பலர் எழுதுவதற்கு முன்பே தெருவில் விவரம் தெரிந்த பையன் ஒருவனைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார்கள். அவன் வந்து உட்கார்ந்து, ஃபயர்வாலை அணைத்து, பாஸ்வேர்டு கேட்பதை எடுத்துவிட்டு, ஃபோல்டரை ‘எவ்ரிஒன், ஃபுல் கன்ட்ரோல்’ என்று திறந்துவிட்டு, காபி குடித்துவிட்டுப் போயிருக்கிறான். சில வீடுகளில் அது வேலையும் செய்திருக்கிறது. எனக்கு அந்த வைத்தியத்தின் மேல்தான் கோபம்.

இந்த இதழின் சிறப்புப் பகுதியை அமீர்பேட்டிலிருந்து தயாரித்ததற்கும் அதுவே காரணம். ஐ.டி. வேலை தேடும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு ஹைதராபாத் அமீர்பேட்டை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மியாப்பூர் – எல்.பி. நகர் தடமும் நாகோல் – ராய்துர்க் தடமும் சந்திக்கும் மெட்ரோ நிலையத்தில் இறங்கி மைத்ரிவனம் பக்கம் நாலு எட்டு வைத்தால் போதும், கை நிறைய நோட்டீஸ் சேர்ந்துவிடும். ஜாவா, டெஸ்டிங், டெவ்ஆப்ஸ், டேட்டா சயின்ஸ், இப்போது ஏ.ஐ. கட்டடங்களின் முகம் தெரியாத அளவுக்கு ஃப்ளெக்ஸ் பேனர்கள். சந்துக்குச் சந்து பாடக் குறிப்புகளை நகலெடுத்து விற்கும் ஜெராக்ஸ் கடைகள். எஸ்.ஆர். நகர், பல்கம்பேட் பக்கம் திரும்பினால் வரிசையாக ஹாஸ்டல்கள், அவற்றை நம்பிப் பிழைக்கும் கர்ரி பாயிண்டுகள். நம் சென்னை ரிச்சி தெருவைப் போலப் பொருள் வாங்க வேண்டுமென்றால் செகந்திராபாத் பார்க் லேனில் உள்ள செனாய் டிரேட் சென்டருக்குப் போக வேண்டும். அமீர்பேட்டில் விற்பது பாடம். 2000ஆம் ஆண்டு பிறக்கும்போது பழைய கணினிகள் தேதியைத் தப்பாகப் படித்துவிடும் என்று உலகம் பயந்த நாட்களில், மெயின்ஃப்ரேமும் கோபால் (COBOL) மொழியும் கற்றுக்கொடுத்து ஆள் அனுப்பிய தெரு இது. இங்கே சத்யம் தியேட்டர் இருந்த இடத்தில் 2023இல் அல்லு அர்ஜுன் பெயரில் மல்டிபிளெக்ஸ் வந்துவிட்டது. இடத்துக்கு அடையாளம் சொல்பவர்கள் இன்னமும் சத்யம் தியேட்டர் என்றுதான் சொல்கிறார்கள்.

இவ்வளவு பாடங்களுக்கு நடுவில் நெட்வொர்க் வகுப்பு ஏழைப்பட்டது. பேனரில் அதற்குக் கீழ்வரிசைதான் கிடைக்கும். அப்படி ஒரு வகுப்பில்தான் போய் உட்கார்ந்தோம். பாடம் எடுப்பவர் சித்தூர்ப் பக்கத்துக்காரர். தெலுங்கில் தொடங்கி, தமிழ்ப் பிள்ளைகள் விழிப்பதைப் பார்த்தால் தமிழுக்கு மாறிவிடுவார். அவர் பாணி எனக்குப் பிடித்திருந்தது. வகுப்புக்கு முன்னால் லேபுக்குள் தனியாகப் போய் எதையாவது கெடுத்து வைத்துவிடுகிறார். எந்த சிஸ்டத்தில் என்ன செய்தார் என்று சொல்வதில்லை. “ஷேர் ஓப்பன் ஆகலை. கண்டுபிடிங்க” என்பதோடு சரி. ஒரே ஒரு சட்டம்தான்: ஐபி நம்பரைப் பார்க்காமல் யாரும் ஃபயர்வால் பக்கம் கை கொண்டுபோகக் கூடாது. யாராவது கொண்டுபோனால், “அதெல்லாம் அப்புறம்ப்பா. முதல்ல நம்பரைப் பாரு.”

நாங்கள் போன அன்று வேலூர்ப் பெண் ஒருத்தி மாட்டிக்கொண்டாள். கேபிள் செருகியிருக்கிறது, பிளக் பக்கத்தில் பச்சை லைட் மினுக்குகிறது, ஆனால் பக்கத்து சிஸ்டம் எட்டவில்லை. கறுப்புத் திரையில் ‘ஐபிகான்ஃபிக்’ என்று அடித்தாள். 169.254 என்று தொடங்கும் எண் வந்தது. மற்ற சிஸ்டங்களில் எல்லாம் 192.168 என்று இருக்கிறது. “லைட் எரியுதே சார்?” என்றாள். “எரியும். ஸ்விட்ச்சுக்குக் கரன்ட் இருக்குல்ல? ஆனா அந்த ஸ்விட்ச்சு எதோட சேர்ந்திருக்குன்னு பாத்தியா?” அவள் கேபிளைக் கையால் பிடித்துக்கொண்டே மேஜைக்கு அடியில் குனிந்து போனாள். தூசி படிந்த பழைய ஐந்து போர்ட் ஸ்விட்ச் ஒன்று அங்கே இருந்தது. அதிலிருந்து ரூட்டருக்குப் போக வேண்டிய கேபிளே இல்லை. ரூட்டர் எட்டாததால் எண் கொடுக்க ஆளில்லை. கம்ப்யூட்டர் தனக்குத் தானே 169.254 என்று ஓர் எண்ணைப் போட்டுக்கொண்டுவிட்டது. ஃபயர்வாலை அணைத்திருந்தால் இது சரியாகியிருக்குமா? ஆயுசுக்கும் ஆகாது.

வீடுகளில் இதற்கு இணையான கோளாறு வேறு வேஷத்தில் வரும். ஃபைபர் கம்பெனிக்காரர் மாட்டிய பெட்டியிலேயே வைஃபை இருக்கும். உள் அறைக்கு சிக்னல் எட்டவில்லை என்று நாமே இன்னொரு ரூட்டர் வாங்கி அதன் பின்னால் கோத்திருப்போம். கூடத்துக் கம்ப்யூட்டர் முதல் பெட்டியில், லேப்டாப் இரண்டாவதில். இரண்டிலும் யூடியூப் ஓடும். ஆனால் ஒன்றின் எண் 192.168.1 என்று தொடங்கும், மற்றது 192.168.0 என்று. வீட்டுக்குள்ளேயே இரண்டு நெட்வொர்க் உருவாகிவிட்டது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. உள்ளே இருக்கும் ரூட்டரிலிருந்து வெளிப் பெட்டியில் உள்ள கம்ப்யூட்டரை எட்டிவிடலாம். வெளியிலிருந்து உள்ளே எட்ட முடியாது. “ஒரு பக்கம் மட்டும் வேலை செய்கிறது” என்று எழுதிய மதுரை வாசகரே, உங்கள் வீட்டில் அநேகமாக இதுதான் நடக்கிறது. இரண்டாவது ரூட்டரின் அமைப்பில் ‘ஆக்சஸ் பாயிண்ட்’ என்று ஒரு வசதி இருக்கும். அதற்கு மாற்றிவிட்டால் இரண்டும் ஒரே நெட்வொர்க் ஆகிவிடும்.

விருந்தினருக்கென்று ரூட்டரில் தனி வைஃபை வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பாருங்கள். லேப்டாப் தெரியாத்தனமாக அந்த ‘கெஸ்ட்’ வைஃபையில் ஏறியிருந்தால், அதிலிருந்து வீட்டுக் கம்ப்யூட்டரைப் பார்க்க முடியாது. பார்க்கக் கூடாது என்றுதான் அதைச் செய்தே வைத்திருக்கிறார்கள்.

இந்த ஏற்பாட்டின் பெரிய வடிவத்தை எஸ்.ஆர். நகர் ஹாஸ்டல் ஒன்றில் பார்த்தோம். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த மூன்று பையன்கள், ஒரே அறை, மூன்று லேப்டாப். வகுப்பில் கொடுத்த விர்ச்சுவல் மெஷின் ஃபைல் ஒன்று ஒருவனிடம் இருந்தது, சுமார் 40 ஜிபி. மற்ற இருவருக்கும் அது வேண்டும். பென்டிரைவில் ஏற்றிப் பார்த்தால் ஏறவில்லை. அது ஃபேட்32 முறையில் இருந்ததால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை வாங்கிக்கொள்ளாது. ஹாஸ்டல் வைஃபையில் ஷேர் செய்து பார்த்தார்கள், ஒருவன் லேப்டாப் இன்னொருவனுக்குத் தெரியவே இல்லை. யூடியூப் வீடியோ ஒன்றைப் பார்த்து, சொன்னதையெல்லாம் அணைத்தும் பார்த்திருக்கிறார்கள். பயனில்லை. ஏனென்றால் கதவை மூடியிருந்தது அவர்கள் லேப்டாப் இல்லை. ஒரே வைஃபையில் இருக்கும் கருவிகள் ஒன்றோடொன்று பேசாமல் இன்டர்நெட்டோடு மட்டும் பேசும்படி ஹாஸ்டல்காரர் வைத்திருந்தார். அந்த மனுஷன் செய்தது நல்ல காரியம் என்பேன். முன்பின் தெரியாத அத்தனை பேர் தங்கும் கட்டடத்தில் இந்த மூவரும் எல்லாவற்றையும் அணைத்துப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஒரு கட்டுப்பாடு இல்லையென்றால் மாடி முழுவதற்கும் அவர்கள் ஃபைல்கள் பொதுச்சொத்து.

தீர்வு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதை வைத்திருந்தவன் லேப்டாப்பிலும் மற்ற இருவரில் ஒருவன் லேப்டாப்பிலும் கேபிள் செருகும் துளை இருந்தது. சாதாரண லான் கேபிள் ஒன்றால் நேருக்கு நேர் இணைத்தார்கள். முன்காலத்தில் இதற்கென்றே முறுக்கிப் போட்ட தனி கேபிள் வேண்டும். இப்போதைய கருவிகள் தாமே சரிசெய்துகொள்ளும். ரூட்டர் இல்லாததால் இரண்டும் தாமாகவே 169.254 எண்களைப் போட்டுக்கொண்டன. ஆமாம், லேபில் நோய்க்கு அறிகுறியாக இருந்த எண்தான், இங்கே மருந்தாகிவிட்டது. இரண்டு பக்கமும் அதே வகை எண் என்பதால் பேசிக்கொள்ளத் தடையில்லை. அறிமுகமில்லாத இணைப்பு என்று விண்டோஸ் சந்தேகப்பட்டு ‘பப்ளிக்’ வகையில் வைத்திருந்தது. அந்தக் கேபிள் இணைப்பை மட்டும் ‘பிரைவேட்’ ஆக்கியதும் ஃபோல்டர் திறந்தது. ஜிகாபிட் துளை என்றால் நொடிக்கு 100 எம்பிக்கு மேல் போகும், 40 ஜிபி ஏழெட்டு நிமிடத்தில் முடிந்துவிடும். பழைய 100 மெகாபிட் துளை என்றால் அதே வேலைக்கு ஒரு மணி நேரம். இந்தப் பையன்களில் ஒருவன் லேப்டாப் பழைய ரகம். கீழே போய் டீ குடித்துவிட்டு வந்தும் பச்சைப் பட்டை பாதிதான் நகர்ந்திருந்தது.

வேலை முடிந்ததும், முன்பு அணைத்தவற்றையெல்லாம் திரும்பப் போடச் சொன்னோம். எதை எதை அணைத்தோம் என்று அவர்களுக்கு நினைவில்லை. எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திறந்துவிடும் வைத்தியத்தின் வினை இது. எது கோளாறு என்று கடைசிவரை தெரியாது. எது திறந்து கிடக்கிறது என்பதும் தெரியாது.

பூட்டிய கதவுகளை யார், எதற்குப் போட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். விண்டோஸ் கணினிகள் ஃபைல் பகிர்ந்துகொள்ளப் பயன்படுத்தும் முறைக்கு எஸ்.எம்.பி. என்று பெயர். 1980களில் ஐ.பி.எம்.மில் பேரி ஃபைகன்பாம் உருவாக்கியது. 1992இல் ‘விண்டோஸ் ஃபார் ஒர்க்குரூப்ஸ்’ வழியாகச் சாதாரண அலுவலகங்களுக்குள் பரவியது. ஏறத்தாழ அதே சமயத்தில் ஆஸ்திரேலியாவில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், மற்ற கணினிகளும் இதே பாஷையைப் பேசும்படி ஒரு நிரல் எழுதினார். அது சாம்பா. இன்று உங்கள் ரூட்டரின் யு.எஸ்.பி. துளையில் ஹார்டு டிஸ்க் செருகி வீடு முழுக்கப் படம் பார்க்கிறீர்கள் என்றால், உள்ளே பெரும்பாலும் சாம்பாவோ அதன் உறவோதான் வேலை பார்க்கும். இந்த முறை பிறந்த காலத்தில் அலுவலகத்துக்குள் இருப்பவர்கள் எல்லாரும் நம்மவர்கள் என்ற நம்பிக்கை இருந்தது. எஸ்.எம்.பி.யின் முதல் பதிப்பு அந்த நம்பிக்கையிலேயே கட்டப்பட்டது.

அந்த நம்பிக்கைக்கு 2017 மே 12 அன்று விலை கொடுக்க நேர்ந்தது. வான்னாக்ரை என்ற புழு எஸ்.எம்.பி. முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகப் புகுந்தது. யாரும் எந்த இணைப்பையும் சொடுக்க வேண்டியதில்லை. ஒரு கம்ப்யூட்டரில் நுழைந்தால் அதே நெட்வொர்க்கில் உள்ள மற்றவற்றைத் தானே தேடிப் போய், ஃபைல்களைப் பூட்டி, பிட்காயினில் பணம் கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் தடுமாறியது உலகச் செய்தி. நம் பக்கத்திலும் ஆந்திரக் காவல்துறையின் கணினிகள் சில மாட்டின, கேரளத்தில் வயநாட்டுப் பஞ்சாயத்து அலுவலகக் கணினிகள் மாட்டின, திருமலை தேவஸ்தானக் கணினிகளும் தப்பவில்லை. இத்தனைக்கும் ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. அதற்கும் முந்தைய ஆண்டு செப்டம்பரிலேயே, எஸ்.எம்.பி.க்குப் பொறுப்பாக இருந்த நெட் பைல் என்ற மைக்ரோசாஃப்ட்காரர் அந்த முதல் பதிப்பை நிறுத்தித் தொலையுங்கள் என்று கெஞ்சாத குறையாக எழுதியிருந்தார்.

அதன் பிறகுதான் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கினார்கள். 2017 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பில் முதல் எஸ்.எம்.பி. இயல்பாக நிறுவப்படுவது நின்றது. விண்டோஸ் 7 காலத்தில் பலருக்குக் கைகொடுத்த ‘ஹோம்குரூப்’ 2018இல் விண்டோஸ் 10இலிருந்து எடுக்கப்பட்டது, “அது எங்கே போயிற்று?” என்று இன்னமும் கேட்டு எழுதும் அன்பர்களுக்கு இதுவே பதில், திரும்பி வராது. 2024 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு இன்னும் கண்டிப்பு. ப்ரோ வகை விண்டோஸில், பெயரும் பாஸ்வேர்டும் இல்லாமல் விருந்தாளியாக நுழைவதை நிறுத்திவிட்டது; வரும் தகவல் நடுவில் மாற்றப்படவில்லை என்பதற்குக் கையொப்பமும் கேட்கிறது. “நேற்றுவரை திறந்தது, அப்டேட் ஆனதும் போச்சு” என்ற கடிதங்களில் பலவற்றுக்கு மூலம் இங்கே இருக்கிறது. திருநெல்வேலி அன்பரின் இரண்டாவது சிஸ்டம், அதுவரை பாஸ்வேர்டு இல்லாமல்தான் டேலி ஃபோல்டருக்குள் போய்க்கொண்டிருந்தது. டேலி ஃபோல்டர் இருக்கும் சிஸ்டத்தில் ஒரு கணக்கு உருவாக்கி, பாஸ்வேர்டு கொடுத்து, அதை இரண்டாவது சிஸ்டத்தில் ஒருமுறை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னால் தீர்ந்தது.

பழைய ரூட்டரில் செருகிய ஹார்டு டிஸ்க்தான் கொஞ்சம் சங்கடம். அந்த ரூட்டருக்கு முதல் எஸ்.எம்.பி.யைத் தவிர வேறு பாஷை தெரியாமல் இருக்கலாம். அதற்காக விண்டோஸில் அந்தப் பழைய முறையைத் திரும்ப நிறுவும் வழியைப் பலரும் சொல்லித் தருகிறார்கள். நான் சொல்லித் தர மாட்டேன். ரூட்டரின் ஃபர்ம்வேருக்குப் புதுப்பிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் டிஸ்க்கைக் கழற்றி ஒரு கம்ப்யூட்டரில் செருகி அங்கிருந்து பகிருங்கள். ஓர் இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய் ரூட்டரின் வசதிக்காக வீட்டுக் கணக்குகளையும் பிள்ளைகளின் சான்றிதழ்களையும் பணயம் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மறுபடி லேபுக்கு வருகிறேன். எண்கள் இரண்டும் ஒரே வகை என்று உறுதியானதும் அந்த ஆசிரியர் அடுத்துக் கேட்பது ‘பிங்’. 1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடம் ஒன்றில் மைக் மூஸ் எழுதிய, மறுமுனையைத் தட்டிப் பார்க்கும் சின்னஞ்சிறு கருவி. இன்றுவரை அதை மிஞ்ச ஆளில்லை. மறுமுனை பதில் சொன்னால் பாதை திறந்திருக்கிறது. பதில் வராவிட்டால் பாதை இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது, விண்டோஸ் ஃபயர்வால் பிங்குக்கு வாய் திறக்காமல் இருக்கலாம். அப்போது முதலில் பார்க்க வேண்டியது அந்த ‘பப்ளிக்’, ‘பிரைவேட்’ விவகாரம். புதிதாக ஒரு வைஃபையில் சேரும்போது விண்டோஸ் 11 அதை ‘பப்ளிக்’ என்றே எடுத்துக்கொள்கிறது, ரயில்வே ஸ்டேஷன் வைஃபைக்கும் உங்கள் வீட்டு வைஃபைக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. வீட்டு இணைப்பை நீங்கள்தான் ‘பிரைவேட்’ என்று மாற்ற வேண்டும். ஃபயர்வாலை அணைத்துத் தீர்த்துக்கொண்டதாக நினைக்கும் வீடுகளில் இந்த ஒரு மாற்றமே போதுமாக இருந்திருக்கும்.

பிறகு பெயர். ‘நெட்வொர்க்’ என்ற ஜன்னலைத் திறந்து, அங்கே மற்ற கம்ப்யூட்டரின் படம் தெரியவில்லை என்று மணிக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. அந்தப் பட்டியல் தானாகத் தேடிச் சேர்ப்பது. சில நாள் சேர்க்கும், சில நாள் சேர்க்காது. தெரியாவிட்டால் இல்லை என்று அர்த்தமில்லை. முகவரிப் பட்டையில் \\192.168.1.7 என்பது போல மறுகம்ப்யூட்டரின் எண்ணை நேரடியாக அடித்துப் பாருங்கள். திறந்துவிட்டால் பாதை, பூட்டு எல்லாம் சரி. கோளாறு பெயர் தேடுவதில் மட்டும்தான். ரூட்டர் நாளைக்கு எண்ணை மாற்றிக் கொடுக்காமலிருக்க, அந்தக் கம்ப்யூட்டருக்கு அந்த எண்ணையே ஒதுக்கிவைக்கும் வசதி ரூட்டரிலேயே இருக்கும்.

80070035 என்று முடியும் பிழை எண் வந்தால் பாதையே கிடைக்கவில்லை என்று பொருள். ‘ஆக்சஸ் டினைடு’ வந்தால்? அந்த வேலூர்ப் பெண்ணின் திரையில் பிற்பாடு அது வந்தபோது அவள் முகம் விழுந்துவிட்டது. ஆசிரியரோ கை தட்டினார். கேபிள், எண், பாதை, ஃபயர்வால் அத்தனையும் தாண்டி மறுபக்கத்து வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்கிறாய் என்பது அதற்கு அர்த்தம். பாக்கி, நீ யார் என்பதுதான்.

இந்த இடத்தில்தான் கும்பகோணம் ஆசிரியை மாட்டியிருக்கிறார் என்று அவர் கடிதத்தைப் பார்த்தால் தோன்றுகிறது. கூடத்துக் கம்ப்யூட்டரைத் திறக்க அவர் நான்கு இலக்க பின் எண் போடுகிறார். லேப்டாப்பில் பெயரும் பாஸ்வேர்டும் கேட்டபோது அதே பின் எண்ணைப் போட்டிருக்கிறார். அந்த எண் அந்த ஒரு கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும்தான் செல்லும். நெட்வொர்க் வழியாக வருபவருக்குச் செல்லாது. அங்கே மைக்ரோசாஃப்ட் கணக்கு இருந்தால் முழு மின்னஞ்சல் முகவரியும் அந்தக் கணக்கின் பாஸ்வேர்டும் வேண்டும். அது நினைவில்லாமல் போய்ப் பல வருஷம் ஆகியிருக்கும். பாஸ்வேர்டே வைக்காத கணக்கு என்றாலும் விண்டோஸ் விடாது. வெற்று பாஸ்வேர்டோடு நெட்வொர்க்கில் நுழைய இயல்பாகவே தடை. ஆகவே அம்மா, கூடத்துக் கம்ப்யூட்டரில் பகிர்வதற்கென்றே சாதாரணக் கணக்கு ஒன்றை உருவாக்கச் சொல்லுங்கள். அதற்கு நீங்கள் மறக்காத பாஸ்வேர்டு ஒன்றைக் கொடுங்கள். படங்கள் உள்ள ஃபோல்டரை அந்தக் கணக்குக்கு மட்டும், படிக்க மட்டும் என்று திறந்துவிடுங்கள். லேப்டாப்பில் பழைய தப்பான விவரம் பதிவாகியிருந்தால், கன்ட்ரோல் பேனலில் ‘கிரெடென்ஷியல் மேனேஜர்’ என்ற இடத்தில் அதை அழித்த பிறகு முயலுங்கள். இல்லையென்றால் அது பழையதையே திரும்பத் திரும்ப நீட்டும்.

இதற்குப் பிறகும் மறுத்தால் ஃபோல்டரின் அனுமதி இரண்டு இடத்தில் இருப்பதைப் பாருங்கள். தெருக்கதவு போல ‘ஷேரிங்’ பக்கத்தில் ஒன்று, அறைக்கதவு போல ‘செக்யூரிட்டி’ பக்கத்தில் ஒன்று. இரண்டில் எது இறுக்கமோ அதுதான் செல்லும். முதலாவதில் எவ்ரிஒன் என்று போட்டுவிட்டு இரண்டாவதை மறப்பது சகஜம். செத்துப்போன பழைய கம்ப்யூட்டரின் டிஸ்க்கைக் கழற்றிப் புதியதில் போட்டவர்களுக்கு இது கட்டாயம் வரும், ஏனென்றால் அந்த ஃபைல்களின் உரிமையாளராக, இப்போது இல்லாத அந்தப் பழைய கம்ப்யூட்டரின் கணக்கே இன்னும் எழுதப்பட்டிருக்கும்.

இவ்வளவும் எழுதிவிட்டு, மறுமுனைக் கம்ப்யூட்டர் தூங்கிப்போவதைச் சொல்லாமல் விட்டால் என் உதவி ஆசிரியர் சிரிப்பார். இருபது நிமிடம் யாரும் தொடாவிட்டால் ஸ்லீப்புக்குப் போகும்படி வைத்த சிஸ்டம், மூடி சாத்திய லேப்டாப், இவை எத்தனை கெட்டிக்காரத்தனமாகத் தேடினாலும் கிடைக்காது.

‘எதற்கு இத்தனை தொல்லை, வாட்ஸ்அப்பில் எனக்கு நானே அனுப்பிக்கொள்கிறேன்’ என்பவர்களும் இருக்கிறார்கள். ஒன்றிரண்டு ஃபைலுக்கு நானும் அதைத்தான் செய்கிறேன். ஆனால் கல்யாண ஆல்பத்தை அப்படி அனுப்பினால் பக்கத்து அறைக்குப் போக வேண்டிய படம் எங்கோ உள்ள சர்வருக்குப் போய், இளைத்துத் திரும்பி வரும். ‘டாக்குமென்ட்’ வழியாக அனுப்பினால் இளைக்காது, 2 ஜிபி வரை செல்லும். காதுகுத்து வீடியோவுக்கு அது பத்துமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கம்பெனி கொடுத்த லேப்டாப்பில் வீட்டு ஃபோல்டரைத் திறப்பது எப்படி என்று ஹைடெக் சிட்டியிலிருந்தும் சோழிங்கநல்லூரிலிருந்தும் கேட்டு எழுதியிருக்கிறார்கள். வி.பி.என். இணைந்திருக்கும்போது வீட்டு நெட்வொர்க்கைப் பார்க்காதபடி கம்பெனியே வைத்திருக்கும். அந்தக் கேள்விக்கு இந்தப் பக்கத்தில் பதில் கிடைக்காது, மன்னிக்கவும். உங்கள் ஐ.டி. பிரிவைக் கேளுங்கள்.

உள்ளே சிறப்புப் பகுதியில் ஒவ்வொரு படிக்கும் திரைப் படங்களோடு விளக்கம் இருக்கிறது. அதன்படி செய்தும் சரியாகவில்லை என்றால் எழுதுங்கள். எழுதும்போது விண்டோஸின் பதிப்பு, திரையில் வந்த பிழைச் செய்தி எழுத்துப் பிசகாமல், இரண்டு கம்ப்யூட்டரின் ஐபி எண்கள், இந்த மூன்றும் இருந்தால் பதில் சீக்கிரம் வரும். பாஸ்வேர்டை எழுதி அனுப்ப வேண்டாம். போன மாதம் வந்த கடிதங்களில் அதுவும் இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டோம், அனுப்பியவர்கள் தயவுசெய்து மாற்றிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்